கோடு போடாத ஒரு புத்தகம்

அவரிடம் இரண்டு மூக்குக் கண்ணாடிகள் இருந்தன. இரண்டும் ஒரே பவர். கறுப்புச் சட்டம் போட்டது வேலைக்கு. பழுப்புச் சட்டம் போட்டது அவர் சொந்தமாகப் படிப்பதற்கு. கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் கண்ணாடி வாங்கிய அன்று நானும் கூட இருந்தேன். எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்த கார்த்திகைக்கு அடுத்த மாதம், மார்கழி. ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கட்டுமென்று வாங்குகிறார் போல என்று கடைக்காரர் நினைத்தார். அவர் காரணத்தை விளக்கியதும் கடைக்காரர், "இன்னாம்மா இது, ஆபீசுக்கு ஒரு கண்ணு, வூட்டுக்கு ஒரு கண்ணா?" என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு இரண்டையும் தனித்தனிக் கூட்டில் போட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் கை பட்ட நாவல்கள் என் அலமாரியிலேயே ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது. நன்றியுரையில் எழுத்தாளர்கள் போடத்தான் செய்வார்கள். கடைசி மெய்ப்பு அவரிடம் வரும்போது தன் பெயர் இருக்கும் வரியை அடித்துவிட்டு அனுப்பிவிடுவார். அதுதான் அந்தப் புத்தகத்தில் அவர் செய்யும் கடைசித் திருத்தம். எழுபது வயது எழுத்தாளர்கள்கூட அவரை அக்கா என்றார்கள். அந்தச் சொல்லே போதும்.

எங்கள் தெருவில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். காலையிலிருந்து மாலை வரை கடைவீதி அச்சகம் ஒன்றில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாட்டுச் சுவரொட்டி. மாலை வீட்டுக்கு வந்தபின் நாவல்கள். கணவர் இளம் வயதிலேயே போய்விட்டார். தாயார் போனது ஊரடங்கு தளர்ந்த ஆவணியில். அதன்பின் தனியாகத்தான் இருந்தார் என்று சொல்ல முடியாது. யாராவது ஒருவர் கைப்பையில் நானூறு பக்கத்தோடு அந்த மாடிப்படியில் ஏறிக்கொண்டே இருந்தார்கள். விழுப்புரத்திலிருந்து வந்தார்கள், ஆத்தூரிலிருந்து வந்தார்கள். பலாப்பழம், கரும்பு, தேன் என்று கையில் ஏதாவது இருக்கும்.

அவர் சொல்வது ஊசி போல இருக்கும். ஆனால் உரக்கச் சொல்லமாட்டார். சின்னசேலத்திலிருந்து ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர் வருவார். அவர் நாவல் எதுவானாலும் கதாநாயகி கடைசியில் இறந்துவிடுவாள். ஒருமுறை அக்கா அவரிடம், "நீங்க இந்தப் பொண்ண சாவடிக்கலீங்க. உங்களுக்கு அதுக்கு மேல எழுத சோம்பலா இருந்துச்சு, அவ்ளோதான்" என்றார். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு செருப்பை மறந்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். அடுத்த வாரம் செருப்பை எடுக்க வந்தவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். அந்தப் பெண் அச்சான புத்தகத்தில் உயிரோடு இருக்கிறாள்.

கருணாபுரத்தில் அத்தனை பேர் கள்ளச் சாராயத்தில் செத்த அந்த ஆனி மாதத்துக்குப் பிறகு, பொங்கல் வருவதற்குள் அதைப் பற்றி மூன்று நாவல்கள் அவர் மேசைக்கு வந்துவிட்டன. மூன்றையும் படித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மூணு பேருமே சாவுல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க சார். அந்த ஆளு முந்தாநேத்து இன்னா சாப்ட்டான்னு ஒருத்தரும் எழுதல."

சொல்லிவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இந்தக் கண்ணாடி ஏற்பாட்டுக்குக் காரணம் ஒரு சின்னச் சம்பவம். நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு நாவலில், தனக்குத் தெரியாமலே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பென்சிலால் திருத்தம் போட்டிருந்தார். அச்சாகிப் பத்து வருடம் ஆன புத்தகம். எழுதியவர் காலமாகிவிட்டார். நூலகர் விரித்துப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா இதத் திருத்தி அனுப்பப் போறீங்க, மேல் லோகத்துக்கா?" என்றாராம். ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து ரப்பரால் அழித்துக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம், "நான் படிக்கறத விட்டு ரொம்ப நாளாச்சு போலிருக்கு, எனக்குத்தான் தெரியல" என்றார். அடுத்த வாரம்தான் கறுப்போடு பழுப்புக் கண்ணாடியும் வந்தது. அது போட்டிருக்கும்போது பென்சிலைத் தொடுவதில்லை என்று ஒரு சட்டம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பழுப்புக் கண்ணாடிக்கு என்று இன்னொரு சட்டம்.

சட்டம் நிற்கவில்லை. ஞாயிறுதானே எழுத்தாளர்களுக்கும் விடுமுறை.

தனக்கென்று அவர் வாங்கி வைத்திருந்த புத்தகம் ஒன்று உண்டு. அயல்மொழி நாவல் ஒன்றின் தமிழாக்கம். செங்கல் கனம். மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் பிழைப்புத் தேடித் துறைமுகப் பட்டணத்துக்குப் போகிற கதை. புத்தகக் கண்காட்சியில் வாங்கியது. கையில் இருக்கிற பிரதியை முடித்ததும் எடுக்கலாம் என்று வைத்திருந்தார். கையில் ஏதாவது ஒரு பிரதி எப்போதும் இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்துப் பொட்டு வைப்பதை மட்டும் நான் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் வந்தவர்களில் வெள்ளிமலைக்காரர் ஒருவரை நான் தனியாகச் சொல்ல வேண்டும். மலையில் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். நாற்பதைத் தாண்டியவர். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து ஆடு மாடுகளுக்கு ஊசி போடுகிறவர். முதல் நாவலோடு அவர் கச்சிராயபாளையம் வழியாக வரும் பஸ்ஸில் இறங்கியது ஊரடங்குக்கு அடுத்த தையில். அந்த நாவலில் மலை இருந்தது, பனி இருந்தது, சாமைக் கொல்லை காற்றில் படுப்பதும் எழுவதும் பக்கம் பக்கமாக இருந்தது. அக்கா மூன்றில் ஒரு பங்கை அடித்துவிட்டார். "மலை எங்கயும் போவாதுங்க. எனக்கு ஆளக் காட்டுங்க" என்றார். அந்த மனிதர் ஒரு சொல்கூடத் திருப்பிப் பேசாமல் அடித்ததையெல்லாம் எடுத்துவிட்டார். புத்தகம் நன்றாகப் பேசப்பட்டது. அன்றிலிருந்து வர்ணனை என்றாலே தப்பு என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. யாராவது மேடையில் கேட்டால், "அக்கா எனக்கு வெட்டக் கத்துக் குடுத்தாங்க" என்பார். அதை அக்காவிடம் சொன்னபோது அவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சிறுநீரகம் கெட்டுப் போனது தெரிந்தது போன ஆடியில். கால் வீக்கத்தை அச்சகத்து நாற்காலியின் குற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் டயாலிசிஸ் என்று ஆனது. இடது கையில் நரம்பை இணைத்து ஊசி போட வழி செய்தார்கள். அச்சக வேலை நின்றது. செவ்வாய், வியாழன், சனி. காலை முறை. என் ஸ்கூட்டரில்தான் போவோம். மூன்றாம் மாதமோ என்னவோ, திரும்பி வரும்போது பின்னால் இருந்து சொன்னார்: "சார், அந்த நாலு மணி நேரம் இருக்கே, அதுல யாரும் படியேறி வர முடியாது."

கைக்கு எட்டாமல் வைத்திருந்த பெரிய நாவலை அப்போதுதான் எடுத்தார். இடது கையை அசைக்கக் கூடாது. ஒற்றைக் கையால் அந்தச் செங்கல்லைப் பிடிக்க முடியாது. அச்சகத்து பைண்டரிடம் கொண்டுபோய், முதுகைப் பிரித்து ஏழெட்டுச் சின்னக் கட்டுகளாகத் தைத்துத் தரச் சொன்னார். புத்தகத்தை வெட்டுவதற்கு பைண்டருக்கே மனசு வரவில்லை. "நல்லா இருக்கற பொஸ்தகத்த ஏங்கா?" என்று இரண்டு முறை கேட்டாராம். "நல்லா இருந்து இன்னா பண்றது, நான் படிக்கணும்பா" என்றார்.

வெள்ளிமலைக்காரர் இரண்டாவது நாவலோடு வந்தது அந்த வாரம்தான். மாடியில் நானும் இருந்தேன். ஒரு பை சாமை அரிசி, அதற்கு மேல் தடிமனான பிரதி. அக்கா பிரதியைத் தொடவில்லை. தண்ணீர் கொடுத்தார், மலையில் மழை எப்படி என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: "இந்த தபா வேணாம்ப்பா. எனக்குப் படிக்க ஒண்ணு இருக்கு."

அவர் புரியாமல் பார்த்தார். வேறொருவருடைய நாவல் முந்திக்கொண்டது என்று நினைத்திருப்பார். எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருக்கிறேன் என்றார். காத்திருக்க வேண்டாம், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றார் அக்கா. உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை வருடத்தில் அவர் ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். அந்த மனிதர் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

பேருந்து நிலையம் வரை நான் கூடப் போனேன். வழியில், "மொத பக்கத்தக் கூடப் பிரிக்கல சார். அவ்ளோ மோசமாவா எழுதிடுவேன்னு நெனச்சாங்க?" என்றார். அதற்கு மேல் எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன். டயாலிசிஸைப் பற்றியும், மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இதயமும் தளர்ந்திருக்கிறது, அதிக காலம் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொன்னதைப் பற்றியும். அது அக்காவுக்கும் தெரியும் என்றேன். அவர் அந்த பஸ்ஸை விட்டுவிட்டார்.

அக்கா படிக்கத் தொடங்கினார். பழுப்புக் கண்ணாடி, வலது கையில் முதல் கட்டு. பென்சில் கிடையாது. முதல் வாரம் சந்தோஷமாக இருந்தார். இரண்டாம் வாரம் ஒருநாள் கட்டை என்னிடம் நீட்டி, "பாருங்க இந்த அசிங்கத்த" என்றார். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் நகத்தால் கீறியிருந்தது. நீளமான வாக்கியத்துக்குப் பக்கத்தில், ஒரே சொல் இரண்டு முறை வந்த இடத்தில், சில இடங்களில் ஒரு பத்தி முழுக்கக் கீழிருந்து மேல்வரை. கட்டைவிரல் அதுபாட்டுக்கு வேலை செய்திருக்கிறது.

"கதையில இன்னா நடக்குது?" என்று கேட்டேன், பேச்சை மாற்றுவதற்காக.

பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "தெரியல சார்" என்றார். "எப்படி எழுதியிருக்குன்னு சொல்லுவேன். இன்னா நடக்குதுன்னு தெரியல."

அதன்பின் கட்டு பையிலேயே இருந்தது. ரத்த அழுத்தம் இறங்கும்போது எழுத்து நீந்துகிறது என்று ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது. நாற்காலியில் சாய்ந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களில்தான் அவர் முகம் உண்மையாகவே நோயாளி முகமாக ஆனது.

பக்கத்து நாற்காலி கருணாபுரத்துக் கட்டிட மேஸ்திரி ஒருவருடையது. எங்கள் முறையில் வருபவர். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா டீச்சராக இருந்தவர் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். "டீச்சரம்மா, புக்க மூடிட்டீங்களே, பரீட்சை முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டு அவர்தான் அந்த ஹாலில் யாரையாவது சிரிக்க வைப்பார்.

கார்த்திகை முதல் வியாழக்கிழமை வெள்ளிமலைக்காரர் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கையில் பிரதி இல்லை. உதவிக்கு ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்பதால் நான் எழுந்து என் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் நின்றேன். அங்கிருந்தும் எல்லாம் கேட்கும். அக்காவின் பையில் துருத்திக்கொண்டிருந்த கட்டை அவர் பார்த்தார். எடுத்துப் புரட்டினார். நகக் கீறல்களையும் பார்த்திருப்பார். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றார் அக்கா. "நான் மொதல்ல இருந்து படிக்கட்டுமாக்கா?" என்றார்.

"ஆஸ்பத்திரியில இன்னா கதாகாலட்சேபமா?" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெள்ளிமலைக்காரரின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிரளும் மாட்டுக்கு ஊசி போடும்போது பேசிப் பேசிப் பழகிய குரல். ஏற்ற இறக்கம் இல்லை, நாடகம் இல்லை. ஒரே சீராக, யாரையும் பயமுறுத்தாமல் போகும். மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாட்டு டாக்டரே, நீ படிச்சா எனக்கு நல்லா தூக்கம் வருது, தெனம் வா" என்றுவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டார்.

முதல் சில நாள் அக்காவின் வலது கை விரல்கள் போர்வையில் அசைந்துகொண்டே இருந்தன. ஒருமுறை, "அந்த ரெண்டாவது வரி ஜாஸ்தி" என்றார். இன்னொரு முறை, மொழிபெயர்ப்பாளர் இந்த இடத்தில் அவசரப்பட்டிருக்கிறார் என்றார். வெள்ளிமலைக்காரர் தலையாட்டிவிட்டு மேலே படிப்பார். முடிந்ததும் கட்டைத் தன் பையிலேயே எடுத்துக்கொண்டு போவார். வாரத்தில் ஒரு நாள் என்று வந்தவர் இரண்டு நாள் வர ஆரம்பித்தார். விடுப்புப் போட்டு வருகிறார் என்று எனக்குத் தெரியும். அக்கா கேட்டால் கள்ளக்குறிச்சியில் மருந்து எடுக்கும் வேலை என்பார்.

மார்கழி நடுவில் அது நடந்தது. கதையில் குடும்பம் மலையை விட்டுக் கிளம்பி அடர்ந்த காட்டுக்குள் நுழைகிறது. அவர் படித்துக்கொண்டே வந்தார். அக்கா கண்ணை மூடியிருந்தார். திடீரென்று கண்ணைத் திறக்காமலே, "நிறுத்து" என்றார். "அதுக்குள்ள எப்டி சமவெளிக்கு வந்தாங்க? இப்பத்தான் காட்டுக்குள்ள போனாங்க."

அவர் தடுமாறிவிட்டார். காட்டைப் பற்றி ரொம்ப நீளமாக இருந்தது என்றார். ஒன்பது பத்துப் பக்கம் மரம், பூச்சி, வெளிச்சம் என்று போகிறது. ஆட்கள் யாருமே வரவில்லை. "நீங்கன்னா அடிச்சிருப்பீங்கன்னு நெனச்சு வுட்டுட்டேங்கா."

எவ்வளவு நாளாக இப்படி விட்டுப் படிக்கிறாய் என்று கேட்டார் அக்கா. ஆரம்பத்திலிருந்தே என்றார் அவர். அக்கா சிரமப்பட மாட்டார், அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் செய்தார். அவர் கற்றுக்கொண்டது அதுதான்.

"அடிச்சிருப்பேன்" என்றார் அக்கா. "கண்டிப்பா அடிச்சிருப்பேன். ஆனா இது எனக்குப் படிக்கறது தம்பி. எல்லாத்தையும் படி. காட்டையும் படி."

அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டுக்குப் போனார். பூச்சிகளின் சத்தம், மேலே இலைகளில் நின்றுவிடும் வெயில், ஈர மண், விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் முளைத்த இன்னொரு மரம். ஒன்பது பத்துப் பக்கம். நான் வாசலில் நின்று அக்காவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் அசையவில்லை. முகம் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, கதை கேட்கும் யாரோ ஒருத்தியின் முகமாக இருந்தது. அவரை எனக்குத் தெரிந்த காலம் முழுவதிலும் அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று வெள்ளிமலைக்காரரைப் பேருந்து நிலையத்தில் விட்டபோது அவர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்: "சார், என் மலைய அடிச்சாங்களே. அதுவும் யாருக்காவது வேணுமா இருந்திருக்குமோ?" குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

அடுத்த முறை அக்காவே அந்தப் பேச்சை எடுத்தார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும், ஊசி போடுவதற்கு முன்பே, "ஒன் மொத பொஸ்தகத்துல நான் அடிச்சேனே, அந்தப் பக்கமெல்லாம் வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. நீங்க அடிச்சா நான் வச்சிக்கறது இல்ல. அடுப்புல போட்டுடுவேன்."

நர்ஸ் வந்து ஊசியைச் செருகினார். அக்கா வழக்கமாக அந்த இடத்தில் முகத்தைச் சுளிப்பார். அன்று சுளிக்கவில்லை. இயந்திரம் ஓட ஆரம்பித்தபின், "நான் அத வேலையா படிச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாதான் எழுதியிருந்த. சாமைக் கொல்லையப் பத்தி ஒண்ணு இருந்துச்சு" என்றார். அது எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. சொல்லச் சொல்லி அவரைக் கேட்டார். வெள்ளிமலைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் சரியா நெனப்பு இல்லீங்கக்கா" என்றார்.

எத்தனை நாவல்கள், எத்தனை பேர், எத்தனை ஆயிரம் பக்கம். நான் இதையெல்லாம் குறித்து வைக்கிற ஆள். அவர் திருத்திய புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் என்னால் போட முடியும். அடித்துவிட்ட பக்கங்களுக்கு யார் பட்டியல் போடுவார்கள்? அவர் அன்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு அதைத்தான் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வர்ணனைகளை அவர் அடித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தப் புத்தகம் அப்படித்தான் நன்றாக இருக்கிறது. அவரும் அதை மறுத்ததில்லை. ஆனால் அன்று முழுக்க "மேல படி" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது நாவலைக் கொண்டு வரட்டுமா என்று வெள்ளிமலைக்காரர் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அது மலையிலேயே இருந்தது.

தை பிறந்தபின் உடம்பு வேகமாக இறங்கியது. நாலு மணி நேரம் தாங்காமல் மூன்று மணி நேரத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையில் வரிசையாக நின்றால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள்ளேயே மூச்சு வாங்கும். ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஆட்டோவில் அழைத்துப் போனேன். புத்தகமோ பாதிதான் தாண்டியிருந்தது. காடு, சமவெளி, சந்தை, மழை, எதையும் விடாமல் படித்தால் அப்படித்தான். எனக்குப் பதற்றமாக இருந்தது. ஒருநாள் அவர்கள் இருவரிடமும் சொல்லிவிட்டேன்: முடிவு என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா, கடைசிக் கட்டைப் படித்துவிடலாமே. அக்கா எழுத்தாளர்களின் பிரதியை எப்போதும் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். போய்ச் சேரும் இடம் தெரிந்தால்தான் வழி கோணலா நேரா என்று சொல்ல முடியும் என்பார்.

"அது வேலைக்கு சார்" என்றார். பிறகு வெள்ளிமலைக்காரர் பக்கம் திரும்பினார். "நீயும் முன்னாடி போய்ப் படிச்சிட்டு வரக் கூடாது. தெரிஞ்சி படிச்சா ஒன் குரலு மாறிடும், நான் கண்டுபிடிச்சிடுவேன்."

அவர் படிக்கமாட்டேன் என்றார்.

தை கடைசியில் அவர்கள் ஆற்றுக்கு வந்தார்கள். கதையில்தான். அகலமான ஆறு, மழை பெய்து சிவந்து ஓடுகிறது. படகுக்காரன் வேண்டாம் என்கிறான், அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். குடும்பம் முழுவதும் ஆட்டுக்குட்டியோடு ஏறி உட்கார்கிறது. நடு ஆற்றுக்கு வந்தபோது படகில் தண்ணீர் ஏறுகிறது. அந்த அத்தியாயம் முழுக்கத் தண்ணீரைப் பற்றித்தான். அதன் நிறம், அதன் மேல் மிதந்து போகும் பொருள்கள், கரை இரண்டு பக்கமும் மங்கித் தெரிவது. சனிக்கிழமை அந்த இடத்தில் நேரம் முடிந்துவிட்டது. நர்ஸ் வந்து, "போதும் சார், ஊசிய எடுக்கணும்" என்றார்.

"ஐயோ, இப்பப் போயா நிறுத்தறது" என்றது மேஸ்திரியின் குரல். இயர்போனை எப்போது கழற்றினார் என்று தெரியவில்லை.

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு ஆட்டோ வரை இருந்தது. "பொண்ணு நீந்துவா, பாருங்க" என்றார் என்னிடம். "அப்பாதான் சந்தேகம்." கதையில் என்ன நடக்கும் என்று அவர் ஊகிப்பதை அன்றுதான் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமைக்கு முன்பே, திங்கள் விடியும் நேரத்தில், வீட்டிலேயே போய்விட்டார். காபி கொண்டுபோன என் மனைவிதான் முதலில் பார்த்தாள். மதியத்துக்கு முன் எழுத்தாளர்கள் பலர் வந்துவிட்டார்கள். சின்னசேலத்துக்காரர் படியிலேயே உட்கார்ந்து அழுதார். அச்சகத்தில் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுத்தார்கள். அதை ஒருமுறை சரி பார்க்க யாருக்கும் துணிவு வரவில்லை. அப்படியே ஒட்டினோம். வெள்ளிமலைக்கு நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் டவர் இல்லாத ஏதோ ஊரில் ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாலை கோமுகி ஆற்றங்கரைச் சுடுகாட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் இல்லாமலே.

செவ்வாய்க்கிழமை காலைதான் எனக்குப் பளிச்சென்று உறைத்தது. வெள்ளிமலைக்காரர் இன்று நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் போனபோது அவர் வந்துவிட்டிருந்தார். அக்காவின் நாற்காலியில் யாரோ புதிய ஆள், வயதானவர், பயந்து போய் உட்கார்ந்திருந்தார். வெள்ளிமலைக்காரர் மேஸ்திரியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மேஸ்திரிதான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். சுவரொட்டியில் படத்தைப் பார்த்து அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் அவர் தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தார். மேஸ்திரிதான் பேசினார்.

"டாக்டரே, கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காத. அந்தப் படகு இன்னா ஆச்சு?"

"தெரியலண்ணா" என்றார் வெள்ளிமலைக்காரர். "முன்னாடி படிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

"அப்ப அந்தம்மாவுக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாதா?"

அவர் தலையாட்டினார். பை தோளிலேயே இருந்தது. மேஸ்திரி தன் காலடியில் கிடந்த ஸ்டூலை வலது காலால் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். வெள்ளிமலைக்காரர் உட்காருவதா போவதா என்று தெரியாமல் நர்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கட்டை எடுத்தார். சனிக்கிழமை விட்ட இடத்தைக் கண்டுபிடித்தார். பாதி வரியில் நின்றிருந்தது. அந்த வரியைத் தொடக்கத்திலிருந்து எடுத்தார். தண்ணீரின் நிறத்தைப் படித்தார். மிதந்து போகும் ஒரு கூடையை, அதன்பின் ஒரு கதவை, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையைப் படித்தார். அந்த இடத்தில் அவர் குரல் நின்றுவிட்டது.

மேஸ்திரி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவர் அவசரப்படுத்தவில்லை.